நூலகத்தைச் சுத்தம் பண்ணிட்டாங்களாம்

நம்மது கட்டளையை எழுத்தா அடிச்சு இணையத்துல பலரும் சேர்ந்து ஆடுற ஆட்டம். அதுல துறைமுக நூலகத்துல ஆடுறவங்க எழுதின புத்தகங்களைச் சனிக்கிழமை ராத்திரி நிர்வாகக் குழு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி அழிச்சுட்டு. காத்துக்குத் தக்கபடி பாய் கட்டச் சொல்லித் தார 'காற்றுப் புத்தகமும்' அதுல போச்சு. நேரா விஷயத்துக்கு வாறேன். ஆடுறவங்க எழுதின புத்தகத்தை அழிக்கக் கூடாது. அடுக்குல இருந்து எடுக்கலாம், பட்டியல்ல மறைக்கலாம், பூட்டி வைக்கலாம். அழிக்கக் கூடாது.

"90 நாளா யாரும் இரவல் எடுக்காத புத்தகம்." இதுதான் அளவுகோலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த இரவல் எண்ணிக்கை எப்போ ஏறும்னு நிரலைத் திறந்து பாத்தியளா? 'எடு'ன்னு கட்டளை கொடுத்தாத்தான் ஏறும். அடுக்குப் பக்கத்துல நின்னு 'படி' கொடுத்தா ஒண்ணும் ஏறாது. காற்றுப் புத்தகத்தை எவன் இரவல் எடுப்பான்? கப்பல் ஏறப் போறவன் ஓடி வந்து, கச்சான் காத்துக்குப் பாய் எப்படி, கொண்டல் காத்துக்கு எப்படின்னு ரெண்டு பக்கம் பாத்துட்டு ஓடிருவான். துறைமுகத்துல எல்லாரும் புரட்டுற புத்தகத்துக்கு இரவல் கணக்கு பூஜ்யம். ஸ்கிரிப்ட் அதைத் தூக்கிட்டு.

பட்டியல்ல தேடினாலாவது கிடைச்சுதா? அதுவும் இல்ல. 'கொண்டல்'னு நேரா ஃபோன்ல அடிச்சா யூனிகோட் கணக்குல 7 குறியீடு, யுடிஎஃப்-8ங்கிற சேமிப்பு முறையில 21 பைட்டு. சில பழைய எழுத்துரு மாற்றியில இருந்து ஒட்டினா 'கொ'வோட கொம்பும் காலும் தனித்தனியா வரும், அப்போ 24 பைட்டு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தேடுற நிரலுக்கு வேற வேற. தலைப்பு உள்ளே வரும்போதும், தேடுற சொல் வரும்போதும் என்எஃப்சிங்கிற யூனிகோட் முறையில ஒரே வடிவமா ஒண்ணாக்கி விட்டா தீர்ந்துச்சு. ரெண்டு வரி வேலை. அதைச் செய்யாம "யாருமே தேடலையே"ன்னா என்ன அர்த்தம்?

"சர்வர்ல இடம் இல்ல"ன்னு ஒரு அண்ணாச்சி சொன்னாரு. கணக்கு போடுவோம். டிக்குமட்ங்கிற பழைய எழுத்து ஆட்ட நிரல் வழியில வந்த ரோம் நிரல்தான் நமக்கு அடித்தளம். அதுல ஒரு சரத்துக்கு, அதாவது ஒரு எழுத்துத் தொடருக்கு, உச்ச வரம்பு 4608 பைட்டு. அதுதான் நம்ம ஒரு பக்கம். 20 பக்கம் முழுசா நிரப்பினாலும் புத்தகம் 93 கேபியைத் தாண்டாது. 40 புத்தகம் சேர்ந்தா 4 எம்பி கூட வராது, செல்போன்ல எடுத்த ஒரு போட்டோ அளவு. இடம் இல்லையாம்!

குப்பைப் புத்தகம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. 'ஆ ஆ ஆ'ன்னு பக்கம் பூரா அடிச்சு வச்சவன் இருக்கான். இருந்துட்டுப் போகட்டும், பட்டியல்ல இருந்து மறைங்க. வசை, அடுத்தவன் எழுத்தைத் திருடினது, ஃபோன் நம்பரைப் போட்டது, இதெல்லாம் உடனே மறைக்கணும், சரி. அதுக்கும் காற்றுப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?

காற்றுப் புத்தகத்தை எழுதின தம்பி கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கம், மீன்பிடிக்கப் போறவன். ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்குல கரை கிடையாது, சிக்னல் கிடையாது. கரையில இருக்கிற நாள்ல ஃபோன்லயே அடிச்சது அந்தப் புத்தகம். தமிழ்ல ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு, அதனால ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1500 குறியீடுதான். நடுவுல ஆங்கில எண்ணோ இடைவெளியோ வந்தா அது ஒரு பைட்டு. அதனால வரம்பு தாண்டினா வெட்டு ஒரு எழுத்துக்கு நடுவுல விழும், கடைசியில கேள்விக்குறிக் கட்டம் நிக்கும். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? ஒவ்வொரு பக்கத்தையும் 12 வரியோட நிறுத்தி, 'மீதி அடுத்த பக்கம்'னு தானே எழுதி வச்சான். நிர்வாகிகளே, நீங்க ஆட்டத்து ஊர்ப் பலகையில 7 நாள் அறிவிப்பு ஒட்டினப்போ அவன் கடல்ல.

"ஓசி ஆட்டம்தானே, நிர்வாகியும் சம்பளம் இல்லாமத்தானே பாக்காரு"ன்னு சொல்லுவியோ. ஆமா. எழுதினவனும் ஓசியிலதான் எழுதினான். அவனுக்கு மட்டும் ஏன் மரியாதை கிடையாது?

ஆனா ஒண்ணு பாத்தேன். நிர்வாகக் குழு எழுதின மன்னர் வரலாறு, ஏழு பாகம், முன் அடுக்குல அப்படியே ஜம்முனு நிக்குது. அதுக்கும் இரவல் பூஜ்யம்தான். ஸ்கிரிப்ட் தொடாம இருக்க 'விலக்கு'ன்னு ஒரு அடையாளம் போட்டு வச்சிருக்காங்க. நல்லா இருங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு இனிமே பலகையில எழுதாதீங்க, அவ்வளவுதான்.

செய்யத் தெரியலேன்னா கேளுங்க, சொல்லித் தாறோம். புத்தகத்துக்கு ஒரு எண் கொடுத்தா அந்த எண் வேற புத்தகத்துக்குப் போகவே கூடாது. 'அழி' கட்டளைக்குப் பதில் 'நிலை'ன்னு ஒரு புலம்: அடுக்கு, மறைவு, பத்தாயம். பத்தாயத்துல போட்டது பட்டியல்ல வராது, எண்ணைச் சொல்லிக் கேட்டா வரும். எழுதினவர் பேரை வெறும் எழுத்தாவே புத்தகத்துக்குள்ள வையுங்க. அவர் ஆடுற பாத்திரத்தோட இணைச்சா, அவன் பாத்திரத்தை நீக்கின அன்னைக்குப் புத்தகம் அநாதையாகி அடுத்த சுத்தத்துல போயிரும். டில்டா (~) குறியை உள்ளே விடாதீங்க, கோப்புல சரம் முடியுற அடையாளமே அதுதான், யாராவது அடிச்சா மீதிப் புத்தகம் காலி. ஸ்கிரிப்ட்டை முதல்ல அழிக்காம ஓட்டி, எது எது போகும்னு பட்டியல் மட்டும் எடுத்து எல்லாருக்கும் காட்டுங்க. இது ஒண்ணு செஞ்சிருந்தாலே சனிக்கிழமை சண்டை வந்திருக்காது.

"காப்பு இருக்கு, பதறாதீங்க"ன்னு இப்போ பதில் வந்திருக்கு. அந்தக் காப்பு 7 நாள் சுழற்சி. வாற வெள்ளிக்கிழமை ராத்திரி புதுக் காப்பு போன வெள்ளிக்கிழமைக் காப்புக்கு மேல எழுதிரும். அதனால இப்போவே சுழற்சியை நிறுத்தி, போன வெள்ளிக்கிழமைக் காப்பை வேற கணினிக்கு நகல் எடுங்க. மக்களே, மட்லெட்ங்கிற ஆட்டச் செயலியில திரையில வாறதைப் பதிவு போட்டு ஆடுறவங்க உங்க லாக் கோப்புல 'கச்சான்'னு தேடிப் பாருங்க. அரைப் பக்கம் கிடைச்சாலும் அனுப்புங்க, பக்க எண்ணைக் கண்டிப்பா சேர்த்து.