உடைந்த முன்பல் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

9 வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்ததற்கு, "துண்டு இனி உதவாது, உடனே ரூட் கெனால் பண்ணி கேப் போடுங்கள், வேறு வழியே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி முடிவெடுக்காதீர்கள். துண்டு கையில் இருந்தால் பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். காய்ந்தால் வெளுத்துப்போகும், அதனால் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துப் போங்கள். கிடைக்கவில்லையா, காம்போசிட் (பல் நிறத்திலேயே இருக்கும் அடைப்புப் பொருள்) வைத்து வடிவத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். உதடும் கிழிந்திருந்தால் துண்டு அதற்குள்ளேயே புதைந்திருக்கலாம், தையல் போடும் முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, ரூட் கெனால். மேல் முன்பல் 7, 8 வயதில் முளைத்தாலும் அதன் வேர் வளர்ந்து நுனி மூட 10 வயது வாக்கில் ஆகும். வேரை வளர்ப்பதே பல்லுக்குள் இருக்கும் உயிர்த்தசைதான். ரூட் கெனால் செய்து அதை முழுதாக எடுத்துவிட்டால் வேரின் சுவர் மெலிசாகவே நின்றுவிடும், பின்னால் லேசான அடிக்கே முறியலாம். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளியாக ரத்தம் தெரிந்தாலும்கூட, மேலாக 2 மில்லிமீட்டர் அளவு தசையை மட்டும் நீக்கி, எம்டிஏ (பல்லுக்குள் வைக்கும் ஒருவகை சிமெண்ட்) மாதிரி மருந்து வைத்து மூடி மிச்சத்தைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், அடிபட்ட பல் சில வாரங்களுக்குக் குளிர்ச்சி டெஸ்டில் (பல்லில் குளிர்ந்த பொருளை வைத்துப் பார்ப்பது) எந்த உணர்வும் காட்டாமல் இருக்கலாம். அதை மட்டும் வைத்து "பல் செத்துவிட்டது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கே குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.