"முறைப்படி டெண்டர் விட்டோம்" என்பது பதிலாகாது

நேற்றைய கிராம சபையில் நடந்ததை வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத் தெரு வடிகாலைப் பற்றி நான் கேட்டதற்குக் கிடைத்த பதில், "முறைப்படி டெண்டர் விட்டுத்தான் வேலை கொடுத்தோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பது. இதற்கு மேல் நிறையவே வேண்டும்.

அந்த வடிகாலின் பக்கச்சுவரை நகத்தால் சுரண்டினாலே மணல் உதிர்கிறது. பலகை பிரித்த பிறகு ஒரு நாள்கூட ஈரச்சாக்கு போட்டு யாரும் தண்ணீர் விடவில்லை. வாட்டம் பார்க்காமல் தளம் போட்டதால் கழிவுநீர் பள்ளி வாசலிலேயே தேங்குகிறது. டெண்டர் முறைப்படி நடந்ததா என்று நான் கேட்கவே இல்லை. எஸ்டிமேட்டில் என்ன கலவை, எவ்வளவு கனம், முடிந்த வேலையை அளந்து எழுதும் எம் புக்கில் என்ன அளவு எழுதி பில் போட்டார்கள் என்றுதான் கேட்டேன்.

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அது வேலை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் வழி. வேலை எப்படி நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. வேலூரில் 2022இல் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனத்தை நகர்த்தாமலேயே சிமெண்ட் சாலை போட்டார்கள், அடிபம்போடு சேர்த்துக் கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டார்கள். அவையும் ஒப்பந்தம் விட்டு நடந்த வேலைகள்தான்.

நான் கட்சிக்காகப் பேசுகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. "ஒப்பந்ததாரர் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிறாயே" என்று ஒருவர் கேட்டதுதான் இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. என் அப்பாவே சிறு ஒப்பந்ததாரர். சிறுபாலமும் சுற்றுச்சுவரும் கட்டியவர். லெஸ் போட்டு, அதாவது எஸ்டிமேட்டைவிடக் குறைத்துக் கேட்டு, வேலை எடுத்துவிட்டுக் கையைக் கடித்தாலும் கலவையில் கை வைக்கமாட்டார். கான்கிரீட் போடும் நாளில் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார். பில் பாஸாகாமல் மாதக்கணக்கில் நின்றபோது அம்மாவின் சங்கிலிதான் அடகுக்குப் போனது. சதவீதம் கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்தார். பிறகு சின்னச் சின்ன வேலைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே பேக்கேஜாக விட்டார்கள்; அவருடைய ஒப்பந்ததாரர் பதிவுக்கு அவ்வளவு பெரிய தொகையில் கலந்துகொள்ளவே முடியாது. அதுவும் முறைப்படி விடப்பட்ட டெண்டர்தான். ஒழுங்காக வேலை செய்தவரை ஓரங்கட்டியபோது அவர் பிழைப்பைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேலையைப் பார்வையிடவும், ஆவணங்களைப் பரிசோதிக்கவும், சான்றளிக்கப்பட்ட பொருள் மாதிரியைப் பெறவும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. எஸ்டிமேட், எம் புக் இரண்டின் நகலும், அந்தச் சுவரின் மாதிரியும் கேட்டு இன்று காலை விரைவுத் தபாலில் மனு அனுப்பிவிட்டேன். கட்டணம் 10 ரூபாய்தான். பள்ளிக்கூடத் தெருவில் குடியிருப்பவர்கள் தனித்தனியாகவும் அனுப்புங்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன்.