பையனைத் திட்டினேன், கம்பியை அளக்கவில்லை

போன வாரம் ஒரு நிச்சயதார்த்த வீட்டில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் ஒருவர் கேட்டார். "மகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் ஆசை வந்திருக்கு. முதல்ல சாதா கிட்டார்ல ரெண்டு வருஷம் விரல் காய்க்கட்டும், அப்புறம் வாங்கித் தரலாம்னு இருக்கேன். சரிதானே அக்கா?"

சரியில்லை என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு 47 வயது. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 20 வருஷத்துக்கு மேலாக கியூ.சி. (தரக் கட்டுப்பாடு) வேலை. சங்கீதம் என்று பார்த்தால் தமிழ்ப்பள்ளியில் தேவாரம் பாடியதோடு சரி. எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வித்வான் பேசுகிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாணவி பேசுகிறேன்.

கதை என் பையனிடம் ஆரம்பிக்கிறது. 13 வயதில் எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்று நின்றான். கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரரும் இதே மந்திரத்தைச் சொன்னார்: முதலில் அக்கூஸ்டிக், அதாவது சாதா கிட்டார், விரல் பலமான பிறகு எலெக்ட்ரிக். 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு அக்கூஸ்டிக் வாங்கி வந்தோம். எனக்கும் நிம்மதிதான், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிச் செலவு மிச்சம். பையன் மூன்று மாதம் முட்டினான். விரல் நுனியில் கம்பி பதிந்து கோடு கோடாகச் சிவந்திருக்கும், தண்ணீர்க் குழாயில் காட்டிக்கொண்டு நிற்பான். "எஃப் கார்ட் வரவே மாட்டேங்குதும்மா" என்பான். நாலாவது மாதம் கிட்டார் அலமாரி மேலே ஏறிவிட்டது. நானும் அம்மாக்கள் சொல்லும் வசனத்தைச் சொன்னேன்: "எதை எடுத்தாலும் பாதியில விடுறதே உனக்கு வேலையாப் போச்சு." ஒரு தடவை இல்லை. நீச்சல் வகுப்பு, டேக்வாண்டோ எல்லாவற்றையும் சேர்த்துச் சேர்த்து, அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன்.

வருஷங்கள் ஓடின. எங்கள் லைனில் ஒரு மலாய்க்காரத் தம்பி இருக்கிறான். எண்பதுகளின் மலாய் ராக்கான 'ராக் காப்பாக்' பாட்டென்றால் உயிர், அவன் பிறப்பதற்கு முன்னே வந்த பாட்டெல்லாம் அத்துப்படி. வேலை முடிந்து ஜாமிங் போக வேண்டும் என்று ஒருநாள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓய்வு நேரத்தில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்த்த என்னிடம், "பிடிச்சுப் பாருங்க காக்" (மலாயில் அக்கா) என்று மடியில் வைத்தான். சும்மா ஒரு கம்பியை அழுத்தினேன். கால்குலேட்டர் பொத்தானை அழுத்துவது போல இருந்தது. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு அலமாரி மேலிருந்த கிட்டாரை இறக்கினேன். தூசியைத் துடைத்துவிட்டு, 12ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். (ஆமாம், வீட்டில் வெர்னியர் இருக்கிறது. வீட்டுக்காரர் இன்னும் கிண்டல் செய்கிறார்.) 4.2 மில்லிமீட்டர். அக்கூஸ்டிக்கில் 2 முதல் 2.5 வரை இருந்தால் கை ஏற்றுக்கொள்ளும். எலெக்ட்ரிக்கில் 1.5 முதல் 2. கழுத்து வளைந்திருந்தது, தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் வெட்டிய பள்ளங்களும் ஆழம் போதாமல் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தன. முதல் ஃப்ரெட்டிலேயே ஆறு கம்பியையும் ஒரே விரலால் அமுக்க வேண்டிய எஃப் கார்ட் அந்தக் கிட்டாரில் பெரிய ஆளுக்கே வராது. வாங்கியபோதே அப்படி இருந்ததா, எங்கள் வீட்டுப் புழுக்கத்தில் அப்படி ஆனதா, இப்போது சொல்ல முடியாது.

எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ரிஜெக்ட் அதிகமாக வந்தால், முதலில் பொருளைப் பிடித்து வைக்கும் ஜிக்கைப் பார்ப்போம். பிறகு மெஷின் செட்டிங், பிறகு மெட்டீரியல். ஆள் கடைசி. இதைத்தான் வருஷக்கணக்காகப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் மட்டும் ஆளில் ஆரம்பித்து ஆளிலேயே முடித்துவிட்டேன்.

சரி, கடைக்காரர்களின் அந்த மந்திரத்துக்கு வருவோம். சாதா கிட்டாரில் சத்தம் வர வேண்டுமென்றால் மரப்பலகை அதிர வேண்டும். மெல்லிய கம்பிக்கு அந்தத் தெம்பு கிடையாது, அதனால் தடித்த கம்பி போடுகிறார்கள். அதில் 'லைட்' என்று விற்கிற செட்டிலேயே மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமன். ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 74 கிலோ. எலெக்ட்ரிக்கில் பலரும் போடுவது 0.009 செட், இழுவிசை சுமார் 38 கிலோ. பாதிதான். அங்கே பலகை அதிர வேண்டிய அவசியமில்லை. கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப்பில் காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றும் இருக்கும். எஃகுக் கம்பி அசைந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும், மீதி வேலையை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். மரத்தை அதிரவைப்பதற்காக ஏற்பட்ட கஷ்டத்தை, மரம் அதிரத் தேவையில்லாத வாத்தியம் கேட்கும் பிள்ளை எதற்காக இரண்டு வருஷம் சுமக்க வேண்டும்? விரல் எலெக்ட்ரிக்கிலும் காய்க்கும். எனக்கு ஐந்தாறு வாரத்தில் காய்த்துவிட்டது.

மெல்லிய கம்பி போடுவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களுக்கு டோனி அயோமி கதை. இங்கிலாந்தில் பர்மிங்காம்காரர், இடது கைக்காரர். 17 வயதில் தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரருக்கு வலது கைதான் கம்பியை அழுத்தும் கை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தனக்குத் தானே விரல் நுனி செய்துகொண்டார், தோல் ஒட்டிக்கொண்டார், பாஞ்சோவின் மெல்லிய கம்பியை கிட்டாரில் போட்டார். அப்புறம் பிளாக் சபாத் என்ற குழுவோடு சேர்ந்து அவர் வாசித்ததுதான் ஹெவி மெட்டலுக்கே அடித்தளம். வலியைத் தாங்கித்தான் தீர வேண்டும் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம்மவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வருகிற கேள்வி வேறு. "இது வெள்ளைக்காரன் சாமான், உனக்கு எதுக்கு? வீணை கத்துக்கலாமே." எனக்குச் சிரிப்புதான் வரும். வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் கொண்டுவருகிறோமே, எலெக்ட்ரிக் கிட்டார்க்காரர்கள் 'பெண்ட்' என்று செய்வதும் அதே காரியம்தான். அக்கூஸ்டிக்கின் தடித்த கம்பியில் அப்படி இழுக்க என் விரலுக்குச் சக்தியில்லை; இதில் மூன்றாவது மாதமே ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற முடிந்தது. ராக் பாட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது பவர் கார்ட். அதில் இருப்பது இரண்டே ஸ்வரம், சட்ஜமும் பஞ்சமமும். தம்புராவில் ஓடுகிற அதே ப, ச. சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டு முதல் தடவை அதை அடித்தபோது எனக்கு ராக் கச்சேரி ஞாபகம் வரவில்லை, பஜனை மடத்துத் தம்புராவுக்குக் கோபம் வந்தது போல இருந்தது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் கையில் வைத்திருந்ததும் எலெக்ட்ரிக் மாண்டலின்தான். அதை வைத்துக்கொண்டுதான் கர்நாடக சங்கீத மேடையில் 2014இல் மறையும்வரை கொடிகட்டிப் பறந்தார். இங்கே நம் பினாங்கிலேயே அலிகேட்ஸ் குழு இல்லையா? டேவிட் ஆறுமுகமும் மறைந்த லோகநாதனும் மலாய்ப் பாட்டால் நாட்டையே ஆட்டிவைத்தபோது, யாரும் உங்களுக்கு எதற்கு என்று கேட்டதாகத் தெரியவில்லை.

எலெக்ட்ரிக்கில் கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். இதன் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆம்ப் எல்லாவற்றையும் பெருக்கும், நீங்கள் வாசிக்காததையும் சேர்த்து. ஒரு கம்பியை மீட்டினால் மற்ற ஐந்தும் சும்மா இருக்காமல் முனகும். வலது உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகள் உடலில் பொருந்தும் பிரிட்ஜ் பக்கம் வைத்துத் தடித்த கம்பிகளை அமைதிப்படுத்த வேண்டும், இடது கையின் சும்மா இருக்கும் விரல்கள் மற்றதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் முதல் நாலு மாதம் வாசிப்பதைவிட வாயடைப்பதில்தான் போனது. டிஸ்டார்ஷனைக் கூட்டிக்கொண்டால் தப்பெல்லாம் மறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது உடனே போட்டுக்கொடுத்தது. அதனால் முதலில் சுத்தமான சத்தத்தில் வாசித்துவிட்டு, கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் டிஸ்டார்ஷன். பிள்ளைக்கு ஐஸ்கிரீம் மாதிரி.

அப்புறம் இரைச்சல். முதல் வாரம் ஆம்ப் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருந்தது, கிட்டார் பழுது என்று நினைத்துவிட்டேன். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைந்தது, கையை எடுத்தால் கூடியது. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருப்பதால் அப்படி. ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். இதற்காகத்தான் 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். பணம் செலவழிக்கும் முன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் கணினி மேசையை விட்டு நகர்ந்ததுமே பாதி குறைந்தது.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால், பக்கத்து வீட்டு அங்கிளுக்கு நான் கிட்டார் வாசிக்கிறேன் என்பதே தெரியாது. ஷிப்ட் வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கும். சத்தமில்லாமல் தப்பு செய்ய ஓர் இடம் வேண்டும், குறிப்பாக நம்மைப் போல வயசான மாணவிகளுக்கு.

வாங்கப் போகிறவர்கள் பணப்பையிலிருந்து மைகார்டையும் (அடையாள அட்டை) வங்கி அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். 12ஆவது ஃப்ரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே இரண்டு அட்டையை அடுக்கி நுழைத்துப் பாருங்கள். இரண்டு அளவாகப் போனால் எலெக்ட்ரிக்குக்கு நல்ல உயரம். மூன்று தாராளமாகப் போனால், கம்பி உயரத்தைச் சரிசெய்து செட்டப் செய்து கொடுங்கள் என்று கேளுங்கள். என் பையனின் கிட்டாரில் ஐந்து போனது, மேலே இடமும் இருந்தது. என் எலெக்ட்ரிக் பழையது, 450 வெள்ளி. செட்டப்புக்குத் தனியாக 80 வெள்ளி கொடுத்தேன். கிட்டாருக்குக் கொடுத்ததைவிட அந்த 80 வெள்ளிதான் என்னை இன்றுவரை வாசிக்க வைத்திருக்கிறது. வாசித்த பிறகு கம்பியைத் துணியால் துடையுங்கள். நம் ஊர் கடல் காற்றில் இரண்டே வாரத்தில் துரு ஏறிவிடும்.

அக்கூஸ்டிக்கை நான் மட்டம் தட்டவில்லை. பிள்ளைக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கிறது என்றால் அதையே வாங்கிக் கொடுங்கள், உயரத்தை அளந்துவிட்டு. எலெக்ட்ரிக் கேட்கும் பிள்ளைக்கு அதைப் பரீட்சை மாதிரி முன்னால் வைப்பதுதான் எனக்கு ஆகாது.

பையனுக்கு இப்போது 19. அக்கரையில், பெருநிலப் பக்கம் படிக்கிறான், வாரக் கடைசியில் வருவான். அந்த 4.2 கணக்கை வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பி, "அன்னைக்கு உன்னைத் திட்டினது தப்புடா" என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அரை மணி நேரம் கழித்து, "அந்த கிட்டார தூக்கிப் போட்டுடாதீங்க" என்று ஒரு வரி.

போடவில்லை. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகி, கழுத்தை நானே ஓரளவு நேராக்கிவிட்டேன். 12ஆவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் ராவ வேண்டும், அதற்கும் நட் பள்ளத்துக்கும் கை பழகிய ஆள் வேண்டும். தீவிலோ பட்டர்வொர்த் பக்கமோ யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவன் சனிக்கிழமை வருகிறான்.