பிள்ளைகளுக்கு ஆக்டிவிட்டி பெட்டி வேணாம், வேலை குடுங்க

எங்க வீட்டுப் பிள்ளைக ரெண்டும் ஸ்கூலுக்குப் போகலைங்கிறது இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலரை. கல்யாண வீட்டுப் பந்தில இலைக்குத் தண்ணி தெளிக்கிறதுக்குள்ள பக்கத்துல உக்காந்திருக்கிற ஆச்சி கேட்டுருவாக, "ஏன் ஆத்தா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலையாமே, என்ன சங்கதி?"ன்னு. ஆளாளுக்குத் தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதிடுறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுமை இருக்கிறவங்க படிங்க.

நான் ஸ்கூலுக்கு எதிரி கிடையாது, நானே ஸ்கூல்ல படிச்சவதான், நல்ல டீச்சர்கள் கிட்டதான் படிச்சேன். என் வாதம் இவ்வளவுதான். ஏழெட்டு வயசு வரைக்கும் பிள்ளைக்கு வேண்டியது பெரியவங்க செய்யிற நிஜ வேலையில ஒரு பங்கு. அந்த வேலை சரியா வந்தா வீட்டுல யாராவது சாப்பிடணும் இல்ல உபயோகிக்கணும், கெட்டுப்போனா யாருக்காவது கொஞ்சம் நஷ்டம் இருக்கணும். அப்பதான் பிள்ளை மனசு வச்சுச் செய்யும்.

ஆனா ஹோம்ஸ்கூலிங்னு போன்ல தேடிப் பாருங்க, என்ன வருது? கலர் அரிசியைத் தட்டுல கொட்டி வச்சு பிள்ளையைக் கிளற விடுறாங்க, மர பொம்மை எல்லாம் ஒரே சந்தனக் கலர்ல அடுக்கி வச்சிருக்காங்க, மாசம் ஒரு பெட்டி வீட்டுக்கு வருது, அதுக்குள்ள ஒட்டுறதுக்கு நாலு ஸ்டிக்கர், வெட்டுறதுக்கு நாலு அட்டை, விலையைக் கேட்டா ஒரு குடும்பத்துக்கு வாரச் சாமான் வாங்கிடலாம். அரிசியைக் கலர் பண்ணிக் கிளற விடுறதைப் பாத்து எங்க அப்பத்தா கேட்ட கேள்வி, "அதை அப்புறம் யாரு சாப்பிடுவா?" எனக்கும் அதே கேள்விதான். பெட்டி மேல மாண்டிசோரின்னு பெரிசா போட்டிருப்பான். சின்னப் பிள்ளைக படிப்புக்குன்னு ஒரு முறையை வகுத்த இத்தாலிக்கார அம்மா பேரு அது, அவங்க 1939ல நம்ம சென்னை அடையாறுக்குத்தான் வந்தாங்க, போர் வந்ததும் இத்தாலிக்காரங்கன்னு ஊர் திரும்ப முடியாம கொடைக்கானல்லயும் இருந்து, 1946 வரைக்கும் இந்தியாவுலதான் டீச்சர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. சின்னப் பிள்ளைகளுக்கு அவங்க மொதல்ல வச்ச பாடம் தண்ணி ஊத்துறது, துணி மடிக்கிறது, கூட்டுறது, காய் நறுக்குறது. இதுல எதுக்குங்க பெட்டி?

எங்க வீட்டுல கணக்கு ஆரம்பிச்சது வெள்ளைப் பணியாரத்துல. செட்டிநாட்டுப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச அளவுதான், ஒரு உழக்கு பச்சரிசி தலைதட்டி எடுத்து, அந்த அரிசி மேலயே உளுந்தைக் கோபுரமா நிக்கிற வரைக்கும் போடணும், அந்தக் கோபுரம்தான் உளுந்தோட அளவு. இதைப் பெரியவ கிட்ட குடுத்துட்டேன். மொத வாரம் அவ உளுந்து போடப் போட அது சரிஞ்சு தரையில ஓடுது, அவளுக்கு அழுகை, அப்பத்தா பக்கத்துல உக்காந்து "மெதுவா, நடுவுல போடு, ஓரத்துல போடாதே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. இப்ப அவ கோபுரம் கட்டுற அழகே தனி, அதோட "எனக்குக் கை சின்னது, அப்பத்தா கோபுரம் பெரிசா வருது, அப்ப பணியாரம் வேற மாதிரி வருமா?"ன்னு ஒரு கேள்வி. வந்துச்சே, அப்பத்தா போட்டது நல்லா உப்பிச்சு, இவ போட்டது கொஞ்சம் தட்டை. அளவு மாறினா விளைவு மாறும்னு நான் வாய் திறந்து சொல்லவே இல்ல. அதுக்கப்புறம் பரண்ல கிடந்த பழைய படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாத்தையும் இறக்கிக் கழுவி வச்சோம், ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. தண்ணியை ஊத்தி ஊத்தி எட்டு ஆழாக்கு ஒரு படின்னு அவளே கண்டுபிடிச்சா. அரை, கால், அரைக்கால் மூணும் ஒரே மத்தியானத்துல முடிஞ்சுது, வளவு (அதான் நடு முற்றம்) பூரா தண்ணி, துடைச்சதும் அவதான்.

சின்னவன் கணக்கு பல்லாங்குழில ஓடுது. குழில நாலு முத்து சேர்ந்தா பசு, எடுத்துக்கலாம்னு சொன்னதுலேர்ந்து நாலுங்கிற எண்ணிக்கையை எண்ணாமலே கண்ணால பிடிச்சிடுறான், ஏழு எட்டு வந்தாத்தான் கொஞ்சம் தடுமாறும். பரவாயில்ல, என்ன அவசரம்?

இங்க செட்டிநாட்டுல இருக்கிற வீடுகளை எல்லாரும் போட்டோ எடுக்க வர்றாங்க, ஆனா அது மழைத்தண்ணியை எப்படிப் பிடிக்குதுன்னு நின்னு பாக்கிறவங்க குறைவு. ஓட்டுக்கூரை எல்லாப் பக்கமும் முற்றத்தைப் பாத்துச் சரிஞ்சிருக்கும், தண்ணி ஓடு வழியா இறங்கி மூலைக் குழாய்ல விழுந்து அண்டாவுக்கு வரும், மிஞ்சினது வெளிய வாய்க்கால் வழியா ஊருணிக்குப் போகும். எங்க வீடு நாலு பங்காளிக்குப் பாத்தியப்பட்டது, எங்களுக்கு ஒரு பக்கம்தான், அரண்மனைன்னு நினைச்சுக்காதீங்க, பாதி ஓட்டுல விரிசல். மழை வந்தா பெரியவ அண்டாவுல சாக்பீஸால கோடு போடுவா, மறுநாள் குடத்தால மொண்டு எவ்வளவுன்னு பாப்பா. ஒரு தடவை "மிச்சத் தண்ணி எங்க போச்சு"ன்னு கேட்டா, சரி வா போய்ப் பாப்போம்னு வாய்க்காலைப் பிடிச்சே நடந்தோம். ஊருணிக்குப் பாதி வழியிலேயே பிளாஸ்டிக் கவரும் கட்டட இடிபாடுமா அடைச்சுக் கிடந்துச்சு, தண்ணி ரோட்டுல திரும்பிடுச்சு. அவ கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் இல்ல. பத்து பைசா செலவில்லாம இதைவிட நல்ல அவுட்டிங் நான் கூட்டிட்டுப் போனதில்ல.

அவுட்டிங்னு சொன்னதும் ஒரு எரிச்சலைக் கொட்டிக்கிறேன். லீவு விட்டா வேன் எடுத்துக்கிட்டு காலைல பிள்ளையார்பட்டி, அப்புறம் குன்றக்குடி, மத்தியானம் கானாடுகாத்தான்ல செல்ஃபி, சாயங்காலம் திருமயம் கோட்டை, ராத்திரி பிள்ளை வாந்தி. பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது வேன்ல குடிச்ச ஜூஸ் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு இடம், அந்த இடத்துல ஒரே ஒரு விஷயம், பிடிச்சிருந்தா திரும்ப அதே இடத்துக்குப் போங்க. ஒர்க்‌ஷீட்டைத் தயவுசெஞ்சு கொண்டு போகாதீங்க.

ஆத்தங்குடில தரைக்குப் பதிக்கிற பூக்கல்லு (டைல்ஸ்) போடுற பட்டறைக்கு நாங்க அப்படித்தான் போனோம், போனவங்க திரும்பத் திரும்பப் போனோம். சூளையே இல்லாத வேலை அது, சுடுறது கிடையாது. சதுரச் சட்டத்துக்குள்ள அடியில ஒரு கண்ணாடி, அது மேல பூ அச்சு, அச்சுல இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் அந்தந்தக் கலர்ச் சாந்தைச் சின்னக் கரண்டியால ஊத்துறாரு, அச்சைத் தூக்குறாரு, கலர் ஒண்ணோட ஒண்ணு ஓடாம அப்படியே நிக்குது, மேல காய்ஞ்ச மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு கரணையால வழிக்கிறாரு. காயவிட்டு, தொட்டித் தண்ணில ஊறப்போட்டு, கண்ணாடியைப் பிரிச்சா பளபளன்னு முகம். பெரியவ ரொம்ப நேரம் பேசாம நின்னுட்டு, "அப்ப நம்ம காலு வைக்கிற பக்கத்தை அந்த மாமா பாக்காமலே செய்யிறாரு"ன்னா. அவரு சிரிச்சுக்கிட்டு "ஆமா ஆத்தா, கடைசி வரைக்கும் நாங்க பாக்கிறது முதுகைத்தான்"னாரு.

வீட்டுக்கு வந்ததும் அவளா ஆரம்பிச்சுட்டா. எவர்சில்வர் தட்டுல மஞ்சளைக் குழைச்சு அவ பேரோட மொத எழுத்தை எழுதினா, மேல சப்பாத்தி மாவைத் தட்டி அமுக்கினா, உரிச்சு எடுத்தா எழுத்து இடம் வலமா திரும்பிக் கிடக்கு. கோவம் வந்து மாவைத் தூக்கிப்போட்டுட்டா. சாப்பிட்டுட்டு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு எழுத்தைப் பாத்துப் பாத்து மறுபடி எழுதினா, ரெண்டு மூணு முறைக்கு அப்புறம் நேரா விழுந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சப்பாத்தி மஞ்சளா இருந்துச்சு, எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு எந்திரிச்சாரு.

கீழடிக்கும் போனோம், நம்ம சிவகங்கை மாவட்டம்தான், திருப்புவனத்துக்குப் பக்கத்துல. 2023ல திறந்த அந்த அருங்காட்சியகக் கட்டடமே செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டினது, அதனால உள்ள நுழைஞ்சதும் சின்னவன் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி ஓட ஆரம்பிச்சுட்டான். ஆயிரம் விஷயம் இருக்கு அங்க, நாங்க விளையாட்டுச் சாமானை மட்டும் பாக்கிறதுன்னு முடிவு. பகடை, ஆட்டக்காய், உடைஞ்ச பானை ஓட்டை வட்டமா தேய்ச்ச சில்லு. எங்க தெருவுல பிள்ளைக பாண்டி விளையாட எறியிற அதே ஓட்டுச் சில்லு. ரெண்டாயிரம் வருஷம்னா என்னன்னு ஏழு வயசுப் பிள்ளைக்கு எந்தக் கொம்பனாலயும் விளக்க முடியாது, ஆனா "இதை ஒரு பிள்ளை தேய்ச்சிருக்கும்ல"ன்னு அவ சொன்னப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. மிச்ச அறையெல்லாம் அடுத்த தடவைக்கு.

காரைக்குடில சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டின ஆய்வகம். சிக்ரிக்குத் தலைமை அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர், அதோட நிறுவன நாள் செப்டம்பர் 26, அதை ஒட்டி பொதுமக்களை உள்ள விடுவாங்க, வருஷா வருஷம் விசாரிச்சு வச்சுக்கோங்க. பேட்டரியும் துருவும் அவங்க பெரிய வேலை, உப்புக் காத்துல இரும்பு எப்படி அரிக்குதுன்னு பாக்கவே ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல மண்டபம்கிற ஊர்ல கடலோரமா தனி மையம் வச்சிருக்காங்க. நாங்க வீட்டுல ஆணியை மழைத்தண்ணில ஒண்ணு, உப்புத்தண்ணில ஒண்ணு, எண்ணெய்ல ஒண்ணுன்னு போட்டு ஜன்னல்ல வச்சிருக்கோம். எண்ணெய்ல போட்டது மட்டும் புதுசு மாதிரியே இருக்கு, அரிவாள்மனைக்கு அப்பத்தா ஏன் எண்ணெய் தடவி வைக்கிறாகன்னு இப்ப சின்னவனுக்கும் தெரியும்.

சரி, இப்ப கேள்விகளுக்கு வர்றேன். "பிள்ளைக்குப் பழக ஆள் வேணாமா?" வேணும். சாயங்காலம் நாலரைக்கு மேல தெருப் பிள்ளைக பூரா ஸ்கூல்லேர்ந்து வந்துரும், அதுகளோடதான் ஆட்டம். காலைல பத்து மணிக்கு ஆள் இல்லைங்கிறது உண்மைதான், அந்த நேரத்துல சின்னவன் ஏங்குறான், அதை மறைக்க மாட்டேன். "வாசிக்கத் தெரியுமா?" பெரியவ பஸ் போர்டுலதான் படிச்சா, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டைன்னு. இங்கிலீஷ் இன்னும் தத்தித் தத்தித்தான்.

"சட்டப்படி சரியா?" இதுல நிறையப் பேரு வாட்ஸ்அப்ல வாய்க்கு வந்ததை அனுப்புறாங்க. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறுலேர்ந்து பதினாலு வயசு வரைக்கும். பிள்ளையை ஸ்கூல்ல சேக்கிறது பெத்தவங்க கடமைன்னு அதுல இருக்கு, சேக்கலைன்னா பெத்தவங்களுக்குத் தண்டனைன்னு இல்ல. ஹோம்ஸ்கூலிங்னு தனியா அனுமதியும் கிடையாது, அந்த நிலைமை தெரிஞ்சுதான் இறங்கணும். எனக்குத் தைரியம் தர்றது நாலாவது பிரிவு, ஸ்கூலுக்கே போகாத பிள்ளையையும் அதோட வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்துக்கணும்கிறான். நாளைக்கே பெரியவ "நானும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் போறேன்"னா கூட்டிட்டுப் போய்ச் சேத்துருவேன், யாருக்கும் தோத்த மாதிரி ஆகாது. போகவே இல்லைன்னாலும் பன்னிரண்டரை வயசு முடிஞ்சா தனித்தேர்வரா எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம், பதினாலு வயசுக்கு அப்புறம் என்.ஐ.ஓ.எஸ்ங்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளில பத்தாவது எழுதலாம்.

இன்னொண்ணு, இதை எழுதாம விட்டா யோக்கியம் இல்ல. இது எல்லாராலயும் ஆகிற காரியம் இல்ல. எங்க வீட்டுல கடை வருமானம் வருது, நான் வெளி வேலைக்குப் போகல, அப்பத்தா திடமா இருக்காக. இந்த மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் எனக்கே முடியாது. ஹோம்ஸ்கூலிங் பத்திப் பெருமையாப் பேசுற ஆம்பளைங்க பாதிப் பேருக்கு வீட்டுல யாரு அதைச் செய்யிறான்னு யோசனையே வர்றதில்ல, அவங்க பொண்டாட்டிதான் செய்யிறா, தினமும், லீவு இல்லாம. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுன்னா மனசு உளையாம பக்கத்து அரசுப் பள்ளில பிள்ளையைச் சேத்துடுங்க. 2007 வாக்குலயே அங்க செயல்வழிக் கற்றல் அட்டை வந்துருச்சு, அப்புறம் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்துச்சு, உக்காந்து மனப்பாடம் பண்ற காலம் அங்க எப்பவோ மாறிடுச்சு. சனி ஞாயிறு பணியார மாவுக்கு உழக்கை மட்டும் பிள்ளை கையில குடுத்துடுங்க.

தீபாவளி முடிஞ்சு மழையும் பிடிச்சப்புறம் வேட்டங்குடி சரணாலயம் போறோம், கூடு கட்டுற பறவைகள் வந்துருக்கும். அங்க கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஜனங்க பறவை பயந்து போயிருமேன்னு தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, இதைக் கேட்டதுலேர்ந்து எங்க ரெண்டும் "நம்மளும் போட வேணாமா?"ன்னு சண்டை, பெரியவ வேணாங்கிறா, சின்னவன் கம்பி மத்தாப்பு மட்டும் வேணுங்கிறான், பேச்சுவார்த்தை நடக்குது. காலைல ஆறு மணிக்குக் கிளம்புறதா யோசனை. வண்டில ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கு, பைனாகுலர் எங்ககிட்ட ஒண்ணுதான், வச்சிருக்கிறவங்க எடுத்துக்கிட்டு வாங்க, ஸ்கூல் போற பிள்ளையா இருந்தாலும் சரிதான், ஞாயித்துக்கிழமையாத்தான் பாத்திருக்கோம்.