குப்புறப் படுத்து எட்டு ஊசி

ஊசின்னாலே எனக்கு ஆகாது. ரத்தம் எடுக்கக் கையை நீட்டிட்டு முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிற ஆள் நான். அப்பேர்ப்பட்டவன் போன சனிக்கிழமை அக்குபங்சருக்குப் போய் எட்டு ஊசி வாங்கிட்டு வந்திருக்கேன். எல்லாம் ரெண்டு வருஷமா விடாத இடுப்பு வலி படுத்தற பாடு.

ஆஸ்பத்திரி ஊசியை நினைச்சுக்கிட்டுப் போனா, அங்கே வைத்தியம் பண்றவங்க எடுத்த ஊசி தலைமுடி கணக்கா இருந்துச்சு. உள்ளே துளையும் இல்லை, மருந்தும் இல்லை. சின்னக் குழாயை வெச்சு விரலால ஒரு தட்டு, அவ்வளவுதான். இடுப்புல ஏறினதே தெரியலை. முழங்காலுக்குப் பின்னாடி மடிப்புல ஒண்ணு வெச்சாங்க பாருங்க! வலின்னு சொல்ல முடியாது. கால் மரத்துப்போறதுக்கு முன்னாடி ஒரு கனம் வருமே, அது கெண்டைக்கால் வரைக்கும் இறங்குச்சு. "அந்தக் கனம்தான் வேணும்"னாங்க. லைட்டை அணைச்சுட்டு இருபது நிமிஷம் தனியா விட்டாங்க. குறட்டை வெளியே வரைக்கும் கேட்டுச்சாம். வீட்டம்மா சாட்சி.

ரெண்டு நாள் இடுப்பு பஞ்சு மாதிரி. மூணாம் நாள் வலி திரும்பிடுச்சு, கொஞ்சம் குறைச்சலா.

வேலை செஞ்சது ஊசியா, அந்தத் தூக்கமா? 2007ல வெளியான ஜெர்மன் ஆய்வு ஒண்ணு இருக்கு. நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்க 1162 பேர். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, அக்குபங்சர்ல ஊசி வைக்கணும்னு சொல்ற இடங்களை, அதாவது புள்ளிகளை, முறையா பார்த்துக் குத்திக்கிட்டவங்கள்ல 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியே இல்லாத இடத்துல மேலாகக் குத்திக்கிட்டவங்கள்ல 44.2. மாத்திரை, உடற்பயிற்சின்னு வழக்கமான வைத்தியத்துல இருந்தவங்கள்ல 27.4தான். புள்ளி, நாடி, சக்தி ஓட்டம்னு பேசறவங்களுக்கும் இது இடிக்கும், எல்லாம் ஏமாத்துன்னு சிரிக்கறவங்களுக்கும் இடிக்கும். எனக்கு ரெண்டு தரப்பும் வாயடைச்சு நிக்கறதுல ஒரு சந்தோஷம்.

எரிச்சல் வேற இடத்துல. எங்க பெரியக்கா, இதையும் அக்குபங்சர்னே சொல்லிக்கிற ஒரு ஹீலர்கிட்ட போனாங்க. ஊசியே கிடையாது, மணிக்கட்டுல ஒத்தை விரலை வெச்சு எடுப்பார், அதுதான் வைத்தியம். சுகர் மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லிட்டார். தலை சுத்துதுன்னு போன் பண்ணினா, "கழிவு வெளியேறுதும்மா, பயப்படாதீங்க." நாலாம் வாரம் அக்காவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். இடுப்பு வலி குறைஞ்சா லாபம், குறையலைன்னா கொஞ்சம் காசு நஷ்டம். சர்க்கரையில அந்தக் கணக்குப் போட முடியுமா?

எனக்குக் குத்தினவங்க முதல்ல கேட்டதே என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னுதான். பிரஷர் மாத்திரைன்னேன். "அதை நிறுத்தச் சொல்லி இங்கே யாரும் சொல்ல மாட்டோம்"னாங்க.

வர்ற சனிக்கிழமையும் போறேன்.