சாரல் நின்றபோது எடுத்துச் சென்ற 499 தேரைகள்

குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரல் என்பது ஆனி, ஆடியில் வந்து போகிற பருவம். தான்சானியாவின் உட்சுங்வா மலைத்தொடரில், கிஹான்சி ஆறு அருவியாக விழும் மலையிடுக்கிலோ அது ஆண்டு முழுவதும் ஓயாமல் அடித்தது. அந்தச் சாரல் நனைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 2 ஹெக்டேர் ஈரநிலத்தில் மட்டுமே, 3 சென்டிமீட்டர்கூட வளராத கிஹான்சித் தேரை என்ற மஞ்சள் நிறத் தேரை இனம் ஒன்று ஆயிரக்கணக்கில் வாழ்ந்தது. நீரில் முட்டையிட்டு, தலைப்பிரட்டையாக நீந்தவிட்டு வளர்க்கும் பொது வழக்கம் அதற்கில்லை. முழு உருவம் பெற்ற குஞ்சுகளையே ஈனும். இப்படியோர் உயிர் அங்கே இருப்பது 1996இல்தான் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் அருவிக்கு மேலே, உலக வங்கியின் கடனும் சேர்ந்த நீர்மின் திட்டத்தின் அணை வேலை தொடங்கிவிட்டிருந்தது.

நிலையத்தின் திறன் 180 மெகாவாட். ஊர் ஊராக இருட்டில் கிடந்த ஒரு நாட்டைப் பார்த்து, தேரைக்காக மின்சாரத்தை விட்டுக்கொடு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அதைச் சொல்லவும் நான் வரவில்லை. ஆனால், நிலையம் இயங்கத் தொடங்கியதும் அருவிக்கு வந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு திருப்பிவிடப்பட்டு, சாரல் நின்று, புல்லும் பாசியும் காயத் தொடங்கிய அந்த வேளையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் 499 தேரைகள் பிடிக்கப்பட்டு, நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன.

பிடித்துக் கொண்டுபோனதாலேயே அவை பிழைத்துவிடவில்லை. நுரையீரல் புழு, சத்துக் குறைவு, போதாத புற ஊதா ஒளி என்று ஒவ்வொன்றாகத் தாக்கியதில், பல பூங்காக்களுக்குப் பிரித்தளிக்கப்பட்ட கூட்டம் 2004இல் ஏறத்தாழ 70 உயிர்களாகச் சுருங்கியது. பிராங்க்ஸிலும் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ பூங்காவிலும் இருந்த பராமரிப்பாளர்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான பூச்சிகளை இரையாக வளர்த்தும், விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தும்தான் அந்த 70ஐ மீண்டும் பெருக்கினார்கள். இந்த வேலையைச் சிலர் ஆடம்பரம் என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஏனென்றால், அதே காலத்தில் மலையிடுக்கில் நடந்தது இது: 2001இல் குழாய் போட்டு, தெளிப்பான்களால் செயற்கைச் சாரல் அடித்தார்கள். தேரைகள் தேறின. 2003 நடுவில் ஏறத்தாழ 20,000 இருக்கும் என்று மதிப்பிடும் அளவுக்குத் தேறின. அடுத்த சில மாதங்களில் கூட்டம் அப்படியே சரிந்தது. தவளை, தேரைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை அங்கே வந்துவிட்டிருந்தது. 2009இல் அந்த இனம் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அன்று உலகில் எஞ்சியிருந்த கிஹான்சித் தேரை ஒவ்வொன்றும் அந்த 499இன் வழிவந்தது.

கூண்டில் வைப்பது காப்பதாகுமா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எப்போது எடுத்தோம், எத்தனை எடுத்தோம் என்பதை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. கிஹான்சியில் ஆயிரக்கணக்கில் இருந்தபோதே சில நூறு எடுத்தார்கள். பனாமாவின் ராப் மரத்தவளையை 2005இல், பூஞ்சை அந்தப் பகுதியை நெருங்கிக்கொண்டிருந்த அவசரத்தில், சிலவற்றை மட்டுமே பிடித்து அட்லாண்டாவுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் மிஞ்சியது ஓர் ஆண் தவளை. இணை இல்லாமல் பல ஆண்டுகள் இருந்து, 2016 செப்டம்பரில் அது செத்தது. அருகிவிட்டது என்று உறுதியான பிறகு எடுப்போம் என்று காத்திருப்பதைப் பலர் நிதானம் என்கிறார்கள். எனக்கு அது அலட்சியமாகவே படுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குரிய தேரை இனம் ஒன்றை இப்படி வளர்த்துத் திரும்ப விட்டபோது, வளர்ப்பிடத்தில் தென்னாப்பிரிக்கத் தவளைகளிடமிருந்து தொற்றிய கைட்ரிட் பூஞ்சையும் அதனுடன் சேர்ந்து தீவுக்குப் போய்விட்டது. காக்கப் போனவர்களே நோயைக் கொண்டுசேர்த்தார்கள். ஆகவே பல நாட்டு விலங்குகள் கூடும் பூங்காவில் ஒரு மூலையை ஒதுக்குவது போதாது. தனி அறை, தனி நீர், தனிக் கருவிகள் வேண்டும். முடிந்தால் அந்த உயிரின் சொந்த நாட்டிலேயே வளர்க்க வேண்டும். 2010இல் 100 கிஹான்சித் தேரைகள் தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் கட்டிய வளர்ப்பகத்துக்குத் திரும்பின. 2012இல் ஏறத்தாழ 2,000 தேரைகள் மலையிடுக்கில் விடப்பட்டன. அதன் பிறகும் பல முறை விட வேண்டியிருந்தது; பூஞ்சை அங்கிருந்து போய்விடவில்லை.

இந்தக் கணக்கில் எனக்கு உறுத்துவது செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பதுதான். அணையின் கற்காரைக்கும் சுழலிக்கும் ஆன பணம் திட்டச் செலவு. தேரைக்கு ஆன பணம் மட்டும் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததுபோலப் பேசப்படுகிறது. அருவியின் நீரை எடுத்ததால் வந்த செலவு, அந்த நீரில் கிடைத்த மின்சாரத்தின் விலையில் சேர வேண்டியது. விடப்பட்ட தேரைகள் காட்டில் இருந்தாலும் குழாய் தெளிக்கும் சாரலை நம்பித்தான் இருக்கின்றன. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் சரிசெய்ய ஆள் அனுப்பும் பணம், அடுத்த 30 ஆண்டுகளுக்கு எந்தக் கணக்கிலிருந்து வரும்?