கதவையாவது சாத்துங்கப்பா

காரைக்குடியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் தையல் பட்டறைக்கு ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஏசியை 18-ல் வைத்துவிட்டு, டீ வாங்கப் போகிறவர் கதவுக்குத் துணி மூட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்துபோட்டுப் போகிறார். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடாதுங்க, கம்ப்ரசர்தான் நிற்காமல் ஓடும். 24-ல் வைத்து ஃபேனையும் போட்டால் போதும். பழைய ஃபேன் ஒவ்வொன்றும் 75 வாட் தின்கிறது, பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது ரக ஃபேனுக்கு 30 வாட்தான், மாற்றலாம் என்றால் "அடுத்த மாசம் பார்ப்போம்". வெயில் சூடு உள்ளே இறங்காமலிருக்க மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது ஓனர் வேலையாம். பக்கத்துத் தெருச் செட்டியார் வீட்டில், முற்றமும் உயரக் கூரையுமாக, சித்திரை வெயிலிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காலுக்குச் சில்லென்று இருக்கிறது. எங்கள் தளமோ மூணு மணிக்குத் தலைக்கு மேல் தோசைக்கல்லாகக் காய்கிறது. சரி, சுண்ணாம்பை நானே வாங்கி அடித்துவிடுகிறேன், அந்த மூட்டையை எடுங்கள்.